மூச்சு விடும் இடம்

தாழைக்குளத்துப் பெண்களுக்கு இனி இலையும் கிடையாது, தூளும் கிடையாது என்று பீடிக் கம்பெனிக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு போன வருஷத்தில், அரிசி தருகிறேன் என்றவர்கள் அரிசி தரவில்லை, ஆதரவு தருகிறேன் என்றவர்கள் அதை ஒலிபெருக்கியில் மட்டும் தந்துவிட்டுக் காரேறிப் போனார்கள், கடைசியில் அந்தப் பெண்களுக்கென்று உருப்படியாகக் கிடைத்தது மூடிப்போன மிஷன் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்த பேண்டு வாத்தியங்கள்தான். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, பெரிய டிரம்மைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போராட்ட ஊர்வலத்தின் முன்னால் நடந்தவள் ஆவுடை. போராட்டம் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது, கிடைத்ததில் பாதியைத் தலைவர்கள் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தார்கள், பெண்கள் மறுபடியும் சொளவு என்னும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தார்கள். ஆனால் வாத்தியங்களை மட்டும் அவர்கள் கீழே வைக்கவில்லை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மாதா சப்பரத்துக்கும் சாவுக்கும் மே மாத ஊர்வலத்துக்கும் நீலச் சேலையில் இரண்டு வரிசையாக அவர்கள் ஊதிக்கொண்டு போனபோது, மாடுகள்கூட வண்டிப்பாதையை விட்டு ஒதுங்கி நின்றன.

கிளாரினெட் இரண்டே இரண்டு. ஒன்றை ஊதியவள் தங்கபுஷ்பம், மற்றதை ஊதியவள் கோமு. சிறு வயதிலிருந்து புகையிலைத் தூசியைக் குடித்து வளர்ந்த நெஞ்சு இருவருக்கும், அதனால் ஆளுக்குப் பாதி மூச்சுதான் மிச்சமிருந்தது. ஒருத்தியால் ஒரு மெட்டை முழுசாக ஊத முடியாது. ஆகவே ஆவுடை அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் மெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பழக்கினாள். முறை மாறுகிறது என்பதற்கு அடையாளம் விலாவில் முழங்கையால் ஒரு இடி. அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு அது அறுந்துபோகாத ஒரே ஊதலாகக் கேட்டது. எந்த இடத்தில் தங்கபுஷ்பம் விட்டாள், எந்த இடத்தில் கோமு எடுத்தாள் என்று அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. தங்கபுஷ்பத்தின் வலது விலாவில், கோமுவின் முழங்கை பட்டுப் பட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் காய்த்திருந்தது.

சாவுக்கென்று அவர்களிடம் ஒரு முறை இருந்தது, வேறு எந்த பேண்டிலும் இல்லாதது. தாழைக்குளத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது, ஓடைக்கரையில் நடப்பட்டிருக்கும் எல்லைக் கல்லோடு நின்றுவிட வேண்டும். முதல் சாவிலேயே ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொன்னபோது ஆவுடை சண்டை போடவில்லை. "நிக்கோம். காலு நிக்கும். சத்தத்தை எவன் நிறுத்துவான்னு பாப்போம்" என்றாள். அன்றிலிருந்து, பாடை கல்லைத் தாண்டும்போது டிரம் நிற்கும், எக்காளம் நிற்கும், கிளாரினெட் இரண்டும் மட்டும் ஒற்றை நாதமாக நீளும். ஓடையைத் தாண்டி, முள் நிறைந்த உடைமரக் காட்டைத் தாண்டி, தீ வைக்கும் வரைக்கும் அது பிணத்தோடு கூடவே போகும். பெண்கள் போக முடியாத தூரத்தை அது போய் முடித்துவிட்டு வரும். புகை கிளம்பினால்தான் நிறுத்துவார்கள். இருவரும் சேர்ந்து ஊதிய ஒரு சாவுக்கும் அது அறுந்ததில்லை.

தங்கபுஷ்பம் பேண்டை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு மாலை. ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தகப்பனார் அவள் ஊதியதில் சொக்கிப்போய், சம்பந்திக்கு வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அவளுக்கு அதுவரை யாரும் மாலை போட்டதில்லை, போடுவதற்குக் கல்யாணமும் ஆகியிருக்கவில்லை. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மையிடம் காட்ட வேண்டும் என்று ஊர்வலம் முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தாள். பந்தலுக்கு வந்ததும் ஆவுடை மாலையைக் கழற்றி, நாரை அறுத்து, ஆளுக்கு ஒரு பூவாகக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, அது எனக்குப் போட்டது."

"உனக்குத்தான் போட்டாவ. நீ மூச்சு வாங்குத இடத்துல எல்லாம் யாரு ஊதுனா, காத்தா?"

"ஒரு நாளு என் கழுத்துல கிடந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒரு நாளு கிடக்கும், மறுநாளு கழுத்து தேடும். எத்தனை கழுத்தைப் பாத்திருக்கேன்" என்றாள் ஆவுடை. மாலை விழுந்த கழுத்துகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள் என்பது உண்மைதான். மேடைக்கு ஏறத் தெரிந்து, இறங்கும் படி எந்தப் பக்கம் என்று மறந்துபோன கழுத்துகள். ஆனால் தங்கபுஷ்பம் தலைவி அல்ல. அவள் ஒரு மாலையை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்ட பீடிக்காரி. இந்த வித்தியாசத்தை ஆவுடை அன்றைக்குப் பார்க்கத் தவறினாள். எல்லாவற்றையும் சமமாகப் பிய்த்துக் கொடுக்கிற கைக்குச் சில சமயம் அப்படி நேர்வதுண்டு.

அந்தக் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வைத்தீஸ்வரன் என்பவர் வந்திருந்தார். அவரே ஒரு காலத்தில் கிளாரினெட் ஊதியவர், பல் போனபின் மற்றவர்களை மேடை ஏற்றுவதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். மறுநாள் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் நின்று, "உங்க பேரைச் சத்தமாச் சொல்ல இந்த ஊரே கூச்சப்படுது. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவள் புறப்பட்டுப் போனாள்.

கோமுவின் பக்கத்தில் வேறு ஆளைப் போடலாம் என்று பெண்கள் சொன்னபோது ஆவுடை ஒத்துக்கொள்ளவில்லை. "போராட்டத்துக்கு நடுவுல வேலைக்கு ஓடினவ இடத்தையே நான் அடைச்சதில்ல. இவ பட்டணம்தான போயிருக்கா. கிடக்கட்டும்" என்றாள். அது கோபமா பாசமா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே நீலச் சேலை வரிசையில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு வெற்றிடம், மற்றவர்களோடு சேர்ந்து கால் மாற்றி நடந்துகொண்டு போனது.

சென்னையில் முதல் கச்சேரியில் தங்கபுஷ்பம் மாப்பிள்ளை அழைப்பு மெட்டை எடுத்தாள். எடுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும் இடம் வந்தது, வாங்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை வருஷமாக ஊதிய மெட்டில் பாதியை அவள் ஊதியதே இல்லை. அவள் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் என்ன ஸ்வரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, அது கோமுவின் விரலில் இருந்தது. மேடையில் அவள் வாயைத் திறந்து காற்றை இழுத்த அந்த நொடியில், அவளுடைய வலது பக்கத்தில், ஒரு ஜன்னல் அகலத்துக்குத் தாழைக்குளம் திறந்தது. வாட்டிய இலையின் வாசனை வந்தது, சுடலைமுத்து டீக்கடையில் பால் பொங்கும் சத்தம் வந்தது, தேரடித் தெருவில் அதே நேரத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அதே மெட்டை ஊதிக்கொண்டு போன கோமுவின் பாதி வந்து மெட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் அந்தத் தெருவின் காற்றையே இழுத்து, அடுத்த அடியை ஊதினாள். ஜன்னல் மூடிக்கொண்டது. மறுபடி மூச்சு வாங்கும் இடத்தில் மறுபடி திறந்தது. அங்கே கோமு மூச்சு வாங்கியபோது, அவளுக்கு இடது பக்கம் ஆளில்லாமல் நடந்துகொண்டிருந்த வெற்றிடத்திலிருந்து, மண்டபத்துக் குளிர்சாதனக் காற்று சில்லென்று வந்து மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையை ஆற்றியது.

"மெட்ராஸ் காத்தா இது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஆமா. நம்ம தங்கபுஷ்பம் அங்கன ஊதுதா" என்று சொல்லிவிட்டு ஆவுடை டிரம்மை அடித்தாள்.

இப்படித்தான் அது வழக்கமாயிற்று. தாழைக்குளத்துக்காரர்கள் எதற்கும் அதிகம் வாய் பிளக்கிறவர்கள் அல்ல, வாய் பிளந்தால் தூசி போகும். சித்திரை மாதத்தில் கல்யாணம் வைத்தவர்கள், சென்னையில் கச்சேரி இருக்கும் நாளாகக் கேட்டு முகூர்த்தம் குறித்தார்கள். இரண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் ஊதினால்தான் திறக்கும் என்பது சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிட்டதால், கோமு சாயங்காலம் வீட்டு முற்றத்தில் பழகும் நேரத்துக்கு வெயிலில் காய்ந்தவர்கள் வந்து உட்கார, சுடலைமுத்து அங்கேயே ஒரு பெஞ்சைப் போட்டு டீ விற்றான். தங்கபுஷ்பத்தின் அம்மை மட்டும் பெஞ்சில் உட்கார மாட்டாள், வெற்றிடத்துக்கு நேராக நின்றுகொண்டு, திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே எறிவாள்.

"ஏட்டி," என்பாள். மூடிக்கொள்ளும். ஒரு அடி மெட்டு போகும். திறக்கும். "சாப்ட்டியா?"

மகள் வாயில் கிளாரினெட் இருக்கும். தலையை ஆட்டுவாள். ஆட்டியதை அம்மை பார்ப்பதற்குள் மூடிவிடும். மண்டபத்தில் முதல் வரிசையில் தவறாமல் வந்து உட்காரும் பென்ஷன்காரர் ஒருவர், சில நாள் இதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல், அடுத்த முறை திறந்தபோது, "இட்லி சாப்பிட்டாங்கம்மா" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"இட்லி மட்டும் காணுமா அவளுக்கு?" என்று அடுத்த மூச்சில் கேள்வி வந்தது.

"அதுக்கு முன்னாடி பொங்கலும் சாப்பிட்டாங்க."

நாளடைவில் முதல் வரிசைக்காரர்கள், தும்மல் வராமலிருக்க மூக்குக்குத் துணி கொண்டுவரப் பழகினார்கள். மேடையில் உதிரும் மல்லிகையும் வாட்டிய இலைத் துணுக்கும் யாருக்கு என்று தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கோமுவின் மகளுக்கு வரன் அமைந்ததா என்று ஒரு அம்மாள் கச்சேரி முடிந்தபின் தங்கபுஷ்பத்திடம் விசாரித்தாள். மண்ணின் மணம் மேடையில் வீசியது என்று ஒரு பத்திரிகை எழுதியது, அது புகையிலை மணம் என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. சுவரொட்டியில் தங்கபுஷ்பம் என்ற பெயர் மட்டும், வேறு யாருடைய பெயரும் பக்கத்தில் இல்லாமல், ஒரு ஆள் நீளத்துக்கு அச்சாயிற்று. ஒரு நாள் அவள் தனியாகப் போய், பசை ஈரம் காயாத அந்த எழுத்துகளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் அறுத்துப் பிரித்துக் கொடுக்க முடியாத ஏதோ ஒன்று கடைசியில் அவளிடம் இருந்தது.

கேசட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. ஒலிப்பதிவு காலை நேரத்தில் நடந்தது. அப்போது தாழைக்குளத்தில் கோமு சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் ஊதினாள், மூச்சு வாங்கினாள், அந்த இடம் வெறும் பள்ளமாகப் பதிவாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டு, "அம்மா, நடுநடுவுல எங்க போயிட்டு வர்றீங்க?" என்றார்.

வைத்தீஸ்வரன் அவளைத் திட்டவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, தன் மனைவியிடம் காப்பி போடச் சொல்லி, எதிரே உட்கார்ந்தார். "கோமு நல்லா ஊதுறாங்க, நான் மறுக்கல. ஆனா சுவரொட்டியில இருக்கறது யார் பேரு? அந்தப் பாதியும் உங்க விரலுக்கு வரணும். வராம இருந்தா நீங்க பாதி ஆள்தான். அது உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதமில்ல சார்" என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் கற்றுக்கொடுத்தார். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதைத் தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுப்பது எப்படி, ஊதல் நிற்காமலே நெஞ்சை நிரப்புவது எப்படி என்று, குவளைத் தண்ணீரில் குழாயை விட்டுக் குமிழி அறுந்துவிடாமல் ஊதச் சொல்லி, பல்லில்லாத வாயோடு தானும் கூடவே ஊதிக் காட்டினார். மழைக்காலம் முழுக்க அவள் பழகினாள். பாதி நெஞ்சு முழு நெஞ்சின் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டது. விட்டுப்போன ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக அவள் விரலுக்கு வந்தபோது, இத்தனை அழகாக ஒரு பாதியைத் தன் பக்கத்தில் ஒருத்தி ஊதிக்கொண்டு நடந்தாள், ஒரு நாளும் அதைத் தான் கேட்கவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஊதினாள், அப்போதும் ஊதல் அறவில்லை. ஒரு மெட்டைத் தலையிலிருந்து கால்வரை தானே ஊதுவதில் இருந்த சந்தோஷம் பொய்யல்ல. வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கண்ணால் பார்த்தவளுக்கு மற்றக் கண்ணும் திறந்ததுபோல் இருந்தது.

ஒவ்வொரு மெட்டும் முழுசாக ஆக ஆக, அந்த மெட்டின் ஜன்னல் மூடிக்கொண்டது. மாப்பிள்ளை அழைப்பு மூடியது, கொடை மூடியது, சப்பரம் மூடியது, மே மாத ஊர்வலம் மூடியது. ஒரு கச்சேரி முடிவில் பென்ஷன்காரர் மேடையோரம் வந்து, "இன்னைக்குக் கோமு வரலையா?" என்று கேட்டார். தங்கபுஷ்பம் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அங்கே தாழைக்குளத்தில், சுடலைமுத்து தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பினான். வெயில் பழையபடி தெருவில் வந்து உட்கார்ந்தது. அம்மை மட்டும் கொஞ்ச நாள் வெற்றிடத்துக்கு நேரே நின்று, "ஏட்டி" என்று சொல்லிப் பார்த்தாள். கோமு மெட்டின் பாதியை மட்டும் ஊதிக்கொண்டு நடந்தாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பள்ளங்களைப் பொறுத்துக்கொண்டார்கள்.

சாவு மெட்டை மட்டும் வைத்தீஸ்வரன் சொல்லிக்கொடுக்கவில்லை. "அது மேடைக்கு ஆகாது, விட்டுருங்க" என்றார். அது ஒன்று மட்டும் பழைய பாதியாகவே அவளிடம் கிடந்தது.

கேசட் வெளியீட்டு விழா நாளன்று காலையில் வைத்தீஸ்வரன் வீட்டுக்கு ஃபோன் வந்தது. தாழைக்குளம் தபாலாபீஸிலிருந்து கோமு பேசினாள்.

"ஆவுடை அக்கா போய்ட்டாவ. விடியக்காலம். நெஞ்சு அடைச்சிருச்சு."

நெஞ்சு அடைத்தது என்று கோமு சொன்னாள். அத்தனை வருஷத் தூசி அடைத்தது என்று சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அப்படிக் கம்பெனிக்காரனின் காதில் விழும்படி ஊரில் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆவுடைதான்.

"எப்ப எடுக்காவ?"

"சாயங்காலம். வெளிச்சத்துலயே முடிச்சிருவாவ. நீ ரயிலேறி வந்தாலும் சாம்பலைத்தான் பாக்கணும், வராண்டாம்."

"கல்லுகிட்ட யாரு ஊதுவா?"

"நான்தான்."

"ஒத்தைக்கா?"

"ஏன், நீ ஒத்தைக்கு ஊதலியா? உனக்கு ஆகும், எனக்கு ஆகாதோ?" என்றாள் கோமு. பிறகு குரலை இறக்கி, "ஓடை வரைக்கும் பிடிச்சிருவேன். அதுக்கு மேல நெஞ்சு என்ன சொல்லுதோ" என்றாள். வா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுக்கவாவது முடிந்திருக்கும்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. கேசட் கம்பெனி முதலாளி தங்கபுஷ்பத்தின் கழுத்தில் கனமான ரோஜா மாலையைப் போட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். இந்தக் கேசட் நன்றாக விற்றால் அடுத்ததும் அவளுடையதுதான், சிங்கப்பூரிலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்தீஸ்வரன் மைக்கில் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். மங்களகரமாக ஆரம்பிக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு மெட்டு என்று அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். மேடைப் பக்கத்துச் சாளரத்தில் வெயில் சாய்ந்து மஞ்சளாகியிருந்தது. இந்த நேரத்துக்குத்தான் எடுப்பார்கள் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். கிளாரினெட்டை உதட்டில் வைத்தாள். சாவு மெட்டை எடுத்தாள்.

முதல் அடியிலேயே சபையில் நாற்காலிகள் முனகின. நல்ல காரியத்தில் சாவு மெட்டைக் கேட்ட முதலாளி எழுந்து நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து வைத்தீஸ்வரன், "தங்கபுஷ்பம், வேண்டாம். இதோட எல்லாம் போயிரும், நான்கூடக் காப்பாத்த முடியாது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அவளுக்கும் அதே பயம் இருந்தது. ஊதிக்கொண்டே பயந்தாள்.

மெட்டு நடந்து நடந்து கல்லுக்கு வந்தது. ஒற்றை நாதம் நீண்டது. இங்கேதான் அவள் எதிர்பார்க்காதது நடந்தது. ஜன்னல் திறக்கவில்லை. திறக்க வேண்டுமென்றால் அவள் மூச்சு வாங்க வேண்டும், நாதத்தை விட வேண்டும். ஆனால் மழைக்காலம் முழுக்கப் பழகிய கன்னம் அவளைக் கேட்காமலே காற்றைத் தள்ளியது, மூக்கு அவளைக் கேட்காமலே இழுத்தது, நாதம் எங்கும் அறாமல், எவர் உதவியும் வேண்டாமல், முழுசாக, வழவழப்பாக, நாலு சுவருக்குள்ளேயே நின்றது. அவளால் விட முடியவில்லை. எந்த இடத்தில் விடுவது என்றும் தெரியவில்லை. அந்த இடம் மெட்டில் எப்போதும் இருந்ததில்லை, பக்கத்தில் நிற்பவளின் முழங்கையில்தான் இருந்தது. அங்கே, கல்லுக்குப் பக்கத்தில், கோமுவின் பாதி நெஞ்சு தீர்ந்துகொண்டிருக்கும். பாடை இன்னும் ஓடையில் இறங்கியிருக்காது. பாதி வழியில் சத்தம் அறுந்தால், ஆவுடை மிச்சத் தூரத்தை அந்த ஆம்பிளைகளோடு தனியாகப் போகவேண்டும். வாழ்ந்த நாளெல்லாம் அவள் ஒரு அடியும் தனியாக எடுத்து வைத்தவள் அல்ல.

தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள். இருந்த இடத்திலிருந்து ஒரு அடி இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

விலாவில் இடி விழுந்தது. காய்த்துப்போன அதே இடத்தில், மெல்ல அல்ல, நன்றாகவே, எலும்பு அதிரும்படி.

அவள் வாயைத் திறந்தாள். நாதம் அறவில்லை. கோமு பிடித்துக்கொண்டாள்.

ஜன்னல் திறந்தது. கல் தெரிந்தது, நீலச் சேலைகள் தெரிந்தன, வரிசைக்கு முன்னால் தரையில் வைத்திருந்த பெரிய டிரம் தெரிந்தது. சாம்பிராணிப் புகையை இழுத்துக்கொண்டு அவள் நாதத்தை வாங்கினாள், மூடிக்கொண்டது. இடி விழுந்தது, விட்டாள், திறந்தது. பாடை ஓடைத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியது. திறந்தது. பாடை அக்கரையில் ஏறியது, பின்னால் தூக்கியவர்களின் வேட்டி நனைந்திருந்தது. மூடியது. திறந்தது. உடைமரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் சாயங்கால வெயில். இப்படி ஒரு நெடிய கண் சிமிட்டல்போல, திறக்கத் திறக்க ஆவுடை சிறுத்துச் சிறுத்துத் தூரம் போய்க்கொண்டிருந்தாள், நாதம் அவள் கூடவே போனது. மண்டபத்தில் முதல் வரிசைப் பென்ஷன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது. பிறகு பின் வரிசைகள் எழுந்தன, ஏன் என்று தெரியாதவர்களும் எழுந்தார்கள். முதலாளி எப்போது வெளியே போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த இடி விழுந்தபோது அவளுக்கு ஒரு கை சும்மா இருந்தது. அந்தக் கையால் கழுத்து மாலையைக் கழற்றி, திறந்த இடத்தின் வழியாக வீசினாள். அது கல்லைத் தாண்டி விழவில்லை. கோமுவின் பக்கத்தில், தன்னுடைய பழைய இடத்தில், செம்மண்ணில் விழுந்தது. அவ்வளவு தூரம்தான் போயிற்று.

உடைமரக் காட்டுக்கு மேலே புகை கிளம்பியது.

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து மூச்சு வாங்கியது அதுதான் முதல் தடவை. ஜன்னல் உடனே மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் திறந்தே நின்றது. கோமு கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள், மாலையை எடுத்தாள், எடைபோடுவதுபோல் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள். இதை முழுசாக அக்காவுக்கென்று வைத்துவிடலாமா என்று நினைத்தவள்போல் இருந்தது. பிறகு பல்லால் நாரைக் கடித்து அறுத்து, வரிசையில் நின்ற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பூவாகக் கொடுத்துக்கொண்டே போனாள். அம்மைக்கு ஒன்று. பெரிய டிரம்மின் மேல் ஒன்று. தனக்கு ஒன்று, காதில் செருகிக்கொண்டாள். கடைசியாகத் திரும்பி, வெற்றிடத்தைப் பார்த்து, சிவந்த கண்ணோடு, பழைய எரிச்சலோடு, "ஏட்டி, பிடி" என்றாள்.

மேடையில் தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். செம்மண் ஒட்டிய ஒரே ஒரு ரோஜா உள்ளங்கையில் வந்து விழுந்தது.